மறு: சான்றுச் சிதைவா, சான்றுத் திரிபா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஞாயிறன்று கல்லூரி மாணவர்களுக்கு நடக்கவிருக்கும் விக்கிப்பீடியா பயிற்சிக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அடிக்குறிப்புச் சான்று அப்படியே நிற்க, அதை ஒட்டிய செய்தி மட்டும் காலப்போக்கில் மாறிப்போவதற்கு இன்னும் நமக்கு ஒரு சொல் அமையவில்லை. நம் குழுவில் வந்த பரிந்துரைகளுக்கு என் மறுமொழி இது.

டில்லி நண்பர் தந்த "சான்றுச் சிதைவு" நல்ல சொல்தான். ஆனால் அதைக் கேட்டதும் இணைப்பு அறுந்துபோவதே நினைவுக்கு வருகிறது. அதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் "தொடர்பிழந்த இணைப்பு" என்ற வழக்கு ஏற்கெனவே உண்டு. தானாகத் திருத்தும் நிரலான தானியங்கி (bot) பல இடங்களில் "பரணிடப்பட்டது" என்ற குறிப்போடு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வந்தவழி இயந்திரத்திலுள்ள (Wayback Machine) படியையும் சேர்த்துவிடுகிறது. என் கவலையெல்லாம் அறுபடாத இணைப்பைப் பற்றியது.

சென்ற வாரம் ஒரு மாணவி ஏரியொன்றைப் பற்றிய கட்டுரையைக் காட்டினார். பரப்பளவை அடுத்து அடிக்குறிப்பு எண் 4 நின்றது. பக்க வரலாற்றைப் புரட்டினால், முதலில் எழுதியவர் சான்றில் உள்ளபடியே அளவைத் தந்திருக்கிறார். பின்னால் வந்த ஒருவர் அளவை மட்டும் மாற்றிவிட்டு, அடிக்குறிப்பைத் தொடாமல் போயிருக்கிறார். படிப்பவர் அந்தச் சிறிய 4-ஐப் பார்த்து, சான்று சொல்லாத ஒன்றை நம்பிவிடுகிறார்.

சொற்கள் சேரும்போது எழுத்தில் நேரும் மாற்றமான விகாரத்தை நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தது இதற்கு அப்படியே பொருந்துவதால், நம் புலவர் ஐயா சொன்ன "சான்று விகாரம்" இலக்கணப்படி சரியே. ஆனால் பத்தொன்பது வயது மாணவருக்கு விகாரம் என்றால் கோரமான தோற்றம்தான். நமக்குப் பெயர் வேண்டியது நடுவிலுள்ள திரிதலுக்கே என்பதால் "சான்றுத் திரிபு" என்கிறேன். மும்பை ஆசிரியை அம்மா "சான்று நழுவல்" என்கிறார்; திரிபு என்றால் வேண்டுமென்றே திரித்துக் கூறியதாகக் குற்றஞ்சாட்டுவது போலாகும் என்பது அவர் வாதம். அது புறந்தள்ளக்கூடியதன்று. எனினும் நழுவுவது தானாக நடப்பது. இங்கே ஒருவர் கை பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளையாபதி முழுநூலாக நமக்குக் கிடைக்கவில்லை. உரைகளிலும் புறத்திரட்டு என்ற தொகைநூலிலும் எடுத்தாளப்பட்ட பாடல்களே எஞ்சின. அவற்றைத் தந்தவர்கள் பாடலையே எழுதிவைத்ததால் மேற்கோள் அழியாமல் நின்றது. நாமோ பெரும்பாலும் முகவரியை மட்டும் எழுதுகிறோம். ஆகவே சொல் எதுவானாலும், பார்த்த நாளோடு சான்றின் மூலவரி ஒன்றையும் அடிக்குறிப்பில் சேர்க்கும்படி கையேட்டில் எழுதியிருக்கிறேன்.

இதுவரை நால்வர் திரிபுக்கும் இருவர் நழுவலுக்கும் இசைந்திருக்கிறார்கள். வியாழன் இரவுக்குள் மாற்றுக் கருத்து வராவிட்டால் திரிபு அச்சேறும். அம்மாவின் சொல்லையும் அதே பக்கத்தில் மாற்று வழக்காகத் தருகிறேன். அதில் அவருக்கு முழு நிறைவு இராது என்பதை அறிவேன்.