டிபுட்: கோப்புக்குள் நிறக் குறிகள் போகாமல் தடுப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கிடங்கின் இருப்புக் கணக்கைப் பார்க்கிறேன். குறைந்துபோன சரக்கைச் சிவப்பில் காட்ட பேஷ் என்ற கட்டளை மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். திரைக்கேற்ற நிறக் குறிகளைத் தரும் டிபுட் (tput) என்ற கட்டளையை அதில் பயன்படுத்துகிறேன். ‘டிபுட் செட்ஏஎஃப் 1’ சிவப்பு நிறம் தருகிறது, ‘டிபுட் எஸ்ஜிஆர்0’ பழைய நிலைக்குத் திருப்புகிறது. திரையில் கண்ணுக்கு அவ்வளவு தெளிவு!

அதையே கோப்பில் சேமித்தால் “ஆட்டுத் தோல் 40” என்ற வரிக்கு முன்னால் சதுர அடைப்பும் 31-உம் ஒட்டிக்கொள்கின்றன. இரவில், குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானே இயக்கும் கிரான் அதை ஓட்டும்போது, முனையத்தின் வகையைச் சொல்லும் ‘டெர்ம்’ (TERM) மாறிக்கு மதிப்பே இல்லை என்று டிபுட் நின்றுவிடுகிறது. அதில் எக்ஸ்டெர்ம் என்ற முனைய வகையை நானே எழுதிவைக்க மனம் ஒப்பவில்லை; இல்லாத திரையை இருப்பதாகச் சொல்வது தவறு.

வாசலில் இருக்கும் பழைய முனையம் விடி100. அங்கே நிறங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் ‘டிபுட் கலர்ஸ்’ -1 என்கிறது, அதாவது நிறமே இல்லை; தடித்த எழுத்து மட்டும் வருகிறது.

வெளியீடு திரைக்குத்தான் போகிறதா என்று ‘-டி 1’ (-t 1) சோதனையால் பார்த்து, பிறகு நிறங்களின் எண்ணிக்கையைக் கேட்கிறேன். ஆனால் இந்தச் சோதனையை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, அதன் விடையை மாறியில் வாங்கினால், திரையில் ஓட்டினாலும் நிறம் வருவதில்லை. சோதனையை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே ஒருமுறை செய்துவிட வேண்டுமா? நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்? சனிக்கிழமை சரக்கு எண்ணிக்கை, அதற்குள் சொன்னால் பேருதவி.