குருவின் குருவைத் தேடிப் போன அனுபவம் உங்களுக்கும் உண்டா?

நடைவண்டி:

மகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இது மாட்டியது.

நான் யோகா வகுப்புக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. சுவரில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் படம். 1888இல் பிறந்து, மைசூர் அரண்மனை யோகசாலையில் கற்பித்து, பிறகு சென்னைக்குக் குடிவந்து, நூறு வயதைத் தாண்டி 1989இல் மறைந்தவர். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் எல்லாம் அவர் மாணவர்கள். அவருக்கே குரு ஒருவர் உண்டு: ராமமோகன பிரம்மச்சாரி. கைலாயத்தின் அடிவாரத்தில், மானசரோவர் பக்கம் ஒரு குகையில் குடும்பத்தோடு வாழ்ந்தவராம். கிருஷ்ணமாச்சாரியார் அங்கே ஏழரை வருடம் இருந்தாராம். எங்கள் ஆசிரியர் இந்தக் கதையைச் சொல்லும்போது விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

பரவலாகப் புழங்கும் வாழ்க்கைக் குறிப்பில், அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் வைஸ்ராய் இர்வின். சிம்லாவில் அவருடைய நீரிழிவுக்கு ஆறு மாதம் யோகம் கற்பித்ததற்கு நன்றியாக, 1919இல் மூன்று உதவியாளர்களைக் கொடுத்து அனுப்பினார் என்று இருக்கும். நானும் பல தடவை படித்துத் தலையாட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு மகளின் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் 1919 மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம். நாலு பக்கம் தள்ளி 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தம். இரண்டையும் அடிக்கோடு போட்டவன் நான்தான். அப்போதுதான் உறைத்தது: 1919இல் வைஸ்ராய் செம்ஸ்போர்டு. அடுத்து ரீடிங். இர்வின் வந்ததே 1926 ஏப்ரலில். அதற்கு முந்தைய வருடம் வரை அவர் இங்கிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினர்.

சரி, பெயர்தான் மாறிப்போயிற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 1919இல் போயிருந்தால் ஏழரை வருடம் முடிய 1926 கடைசி ஆகிவிடும். ஆனால் கிருஷ்ணமாச்சாரியாருக்கு நாமகிரியம்மாளோடு திருமணம் 1925 என்கிறார்கள். பெயர் சரி, வருடம்தான் தப்பு என்றால் 1926இல் கிளம்பித் திரும்ப 1933க்கும் மேலே ஆகும். அந்த 1933இல்தான் மைசூரில் யோகசாலை தொடங்குகிறது; அடுத்த வருடமே அவருடைய ‘யோக மகரந்தம்’ வெளியாகிறது. எந்தப் பக்கம் இழுத்தாலும் போர்வை பத்தவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் மெல்லக் கேட்டேன். பாயைச் சுருட்டியபடியே, “உனக்கு முதுகுவலி போச்சா, இல்லையா?” என்றார். போய்விட்டது, சார். அதனால்தான் கேட்கவே கூச்சமாக இருந்தது.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஈரத்துணி:

எனக்கு இந்தப் பதிவு பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். வயதான காலத்தில் அவர் சொன்னதைச் சீடர்கள் எழுதிக்கொண்டார்கள். “பெரிய துரை” என்று சொல்லியிருப்பார், எழுதினவருக்குத் தெரிந்த துரை இர்வின். என் பாட்டி அவர் கல்யாண வருடத்தையே மூன்று விதமாகச் சொல்வார். அதற்காகக் கல்யாணம் ஆகவில்லை என்றாகிவிடுமா?

பழுப்புத்தாள்:

ஈரத்துணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதை அதற்கு நேர் எதிர்.

தாத்தாவுக்கு ஒரு மலைச் சித்தர் தீட்சை கொடுத்தார். தாத்தா காலமான பிறகு அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். அதில் அந்தச் சித்தர் 118 வயது வாழ்ந்தவர். பிறப்பு சுக்கில வருடம், சமாதி பிரபவ வருடம். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1869, 1987.

பஞ்சாங்கம் பார்க்கிற யாருக்கும் தெரியும், அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். சுக்கிலம் 1869இலும் வந்தது, 1929இலும் வந்தது. 1929 என்று வைத்தால் சித்தருக்குச் சமாதியின்போது வயது 58. தாத்தாவோ 1922இல் பிறந்தவர். குரு சீடனைவிட ஏழு வயது இளையவர் ஆகிறார்! புத்தகம் போட்டவர்களுக்கு அது உறுத்தியிருக்கும். ஒரு சுற்று பின்னால் தள்ளிவிட்டார்கள்.

இது என் ஊகமாகவே இருந்திருக்கும். பரண் சுத்தம் செய்தபோது தாத்தாவின் நோட்டு கிடைத்தது. பால் கணக்குக்கும் வட்டிக் கணக்குக்கும் நடுவில், ஊதா மையில் ஒரு வரி: “என்னிலும் இளையவர். ஆனாலும் காலில் விழுந்தேன்.”

அந்தப் புத்தகத்தின் 118 வயதுக்காரரைவிட இந்த ஒரு வரியில் இருப்பவர்மீதுதான் எனக்கு மரியாதை. அம்மாவிடம் காட்டினேன். “யார்கிட்டயும் சொல்லாதே” என்றார். இதோ இங்கே சொல்கிறேன்.

மூன்றாம்சாமம்:

அடையாறில் நடந்தது இதைவிடப் பெரிய ரகளை. பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் குருமார்களான மோரியா, கூட் ஹூமி இருவரும் இமயத்துக்கு அப்பாலிருந்து கடிதம் அனுப்புவதாகப் பேச்சு. சபை மாளிகையில் சந்நிதி என்று ஓர் அலமாரி. கடிதங்கள் அதற்குள் தோன்றும். 1884இல் சென்னையிலேயே ஒரு கிறித்தவக் கல்லூரி இதழ், ஏமாற்று வேலைக்கு ஆதாரம் என்று அம்மையாரின் கடிதங்களாகச் சிலவற்றை வெளியிட்டது. இப்படிப்பட்ட அமானுஷ்ய விஷயங்களை ஆராயும் லண்டன் சங்கம் ஒன்று ஹாட்ஜ்சன் என்பவரை அனுப்பியது. 1885 அறிக்கையில் அவர் எல்லாம் மோசடி என்றார்.

நான் ரொம்ப நாள் அத்தோடு விஷயம் முடிந்தது என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நண்பர்தான் வாயை அடைத்தார்: 1986இல் அதே சங்கத்தின் இதழிலேயே ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர், ஹாட்ஜ்சனின் ஆய்வுமுறை ஒருதலைப்பட்சமானது என்று எழுதியிருக்கிறார். அதனால் அந்தக் குருமார்கள் இருந்தார்கள் என்று ஆகிவிடாது. ஆனால் சரிபார்த்தவரையும் சரிபார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நடைவண்டி:

ஈரத்துணி, கோபம் வேண்டாம். பயணமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். குரு சொல்லிக்கொடுத்த ‘யோக குருந்தம்’ என்ற சுவடியைக் கல்கத்தாவில் கண்டெடுத்ததாகவும் பிறகு எறும்பு அரித்துவிட்டதாகவும் பட்டாபி ஜோயிஸ் வழியில் சொல்வார்கள். இதைக் கேட்டதும் நான் சிரித்தவன்தான். பிறகு படித்தால், புனேயில் ஒரு பழைய சுவடி இருக்கிறது. கபால குரண்டகர் எழுதிய ஹடாப்யாச பத்ததி என்ற ஹடயோக நூல். பதினெட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். அதில் கயிறு பிடித்துச் செய்யும் ஆசனங்கள்கூட உண்டு. குருந்தம், குரண்டகர்! பெயர் ஒற்றுமையை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். அதுதான் இது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிரிப்பு போய்விட்டது.

இப்போது நோட்டில் மூன்று பத்தி போட்டிருக்கிறேன்: அவரே எழுதியது, நேரில் கேட்டவர் எழுதியது, கேட்டவரிடம் கேட்டவர் சொன்னது. ‘யோக மகரந்தம்’ முதல் பத்தியில். எறும்பு மூன்றாவதில். இர்வினை இரண்டாவதில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

வைஸ்ராய் செலவில் மூன்று ஆட்களோடு ஒருவர் திபெத் போயிருந்தால் எங்காவது ஒரு காகிதம் இருக்க வேண்டும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து வெளியுறவுத் துறைக் கோப்புகளைப் புரட்டிய அனுபவம் யாருக்காவது இருந்தால், எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லுங்கள். மே மாதம் லீவு இருக்கிறது.