உப்பு நிலத்துக்கு மரபணு திருத்திய நெல்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சிதம்பரத்தை அடுத்த கிள்ளை பக்கம் உப்பங்கழி ஓரமாக எங்களுக்கு இரண்டு காணி. கோடையில் மண் வெள்ளையாகப் பூத்துவிடும். போன சம்பாவில் களர் நிலத்துக்கான திருச்சி 3 நெல் போட்டும் பள்ளத்துப் பக்கம் தூர் கட்டவே இல்லை.

2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்ற மரபணு திருத்திய நெல் ரகம் பற்றிப் படித்தேன். எம்டியு 1010 நெல்லில் டிஎஸ்டி என்ற ஒரே மரபணுவை, குறிப்பிட்ட இடத்தில் கத்தரித்துத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் செயலிழக்க வைத்திருக்கிறார்கள். உப்பையும் வறட்சியையும் பயிர் தாங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பதே அந்த மரபணுதானாம். வேறு உயிரின் மரபணு எதுவும் அதில் இல்லை, ஆகவே பி.டி. பருத்தி மாதிரி கிடையாது. இதை அப்பாவுக்கு விளக்கினால், "ஊசி போட்ட நெல்லாடா?" என்கிறார்!

விதை யார் கைக்காவது வந்திருக்கிறதா? சுமார் 120 நாள் பயிர் என்றால் நம்ம பட்டத்தில் எப்போது நாற்று விடுவது? ஐப்பசி, கார்த்திகை மழையில் கதிர் மாட்டினால் போச்சு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கும் தம்பி, தங்கைகளே, இதே திருத்தத்தை நம்மூர் சம்பா ரகங்களிலும் செய்ய முடியுமா? மண் பரிசோதனைச் சீட்டை நாளை கமெண்ட்டில் போடுகிறேன்.