1998 டெல்லி கேசட்டுகள்: ஹை8 ஓடும் கேமரா யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். இரு பெண்களின் காதலைச் சொன்ன ‘ஃபயர்’ படத்துக்கு எதிரான வன்முறையைக் கண்டித்து 1998 டிசம்பரில் டெல்லி ரீகல் தியேட்டர் முன் லெஸ்பியன் பெண்கள் பதாகையோடு நின்றார்கள். அந்தக் காலத்து டெல்லி லெஸ்பியன் வரலாற்றை ஆவணப்படமாக எடுக்கிறோம். கையில் இருப்பவை ஹை8, மினிடிவி என்ற பழைய வகை வீடியோ கேசட்டுகள்.

ஹை8 கேசட்டை ஓட்டி கம்ப்யூட்டருக்கு மாற்ற டிஜிட்டல்8 கேமராவும் (சில மாடல்கள் பழைய ஹை8-ஐ ஓட்டாது, பார்த்துச் சொல்லுங்கள்) ஃபயர்வயர் போர்ட் (கேமராவை இணைக்கும் பழைய வகை இணைப்பு) உள்ள கம்ப்யூட்டரும் இரவல் வேண்டும். ஒரு மணி நேரக் காட்சிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டை ஓட்டவே கூடாது. பூஞ்சை கேமராவின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பகுதி) ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட கேசட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் உண்டா?

பெரிய தலைவலி, காட்சிகளில் பின்னால் நிற்பவர்களின் முகங்கள்; அவர்கள் யாரென்று வெளியே தெரிந்துவிடக் கூடாது. மங்கலாக்கினால் மட்டும் போதாது, குரலே காட்டிக்கொடுக்கும். பேட்டிக்கு முன்பும் எடிட் முடிந்தபின்பும் இருமுறை சம்மதம் வாங்குகிறோம். அந்தப் படிவத்தைச் சரிபார்க்க ஒரு வக்கீலும் தேவை.