மறு: ‘கோட்டா குவிக்கி’க்குத் தமிழ்ச் சொல்

> ‘அவசரப்படம்’ போதாதா? சீக்கிரம் எடுத்ததுதானே.

போதாது ஐயா. கோட்டா குவிக்கி (quota quickie) என்பது, பிரிட்டிஷ் படம் இத்தனை இருக்க வேண்டும் என்ற சட்டத்தைச் சரிக்கட்டுவதற்காகவே அவசரமாக, மலிவாக எடுத்த படம். சீக்கிரம் எடுத்த படமெல்லாம் குவிக்கி ஆகிவிடாது. எதற்காக எடுத்தார்கள் என்பதில்தான் விஷயம். 1920களில் பிரிட்டன் திரையரங்குகளில் ஓடியது பெரும்பாலும் அமெரிக்கப் படம். அதற்கு அணை போட 1927இல் ஒரு சட்டம் வந்தது. விநியோகஸ்தரிடம் 7.5 சதவீதமும் திரையரங்கில் 5 சதவீதமும் பிரிட்டிஷ் படம் இருக்க வேண்டும். இரண்டும் படிப்படியாக 20 சதவீதம் வரை ஏறும். அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் படத்தை விற்றாக வேண்டுமே! லண்டனைச் சுற்றியே மலிவாகப் படம் எடுக்கவைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டின. வார்னர் டெடிங்டனில் ஒரு ஸ்டுடியோவையே நடத்தியது. விலை, அடிக்கு ஒரு பவுண்டு. ஜவுளிக்கடையில் துணி கிழிப்பது போலத்தான். 6,000 அடிப் படம் என்றால் 6,000 பவுண்டு. ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். காலையில் அரங்கைப் பெருக்க வருகிறவர்கள் மட்டும் இருக்கும்போது ஓட்டிவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

> ‘ஒப்பேற்றுப்படம்’?

காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் படம் மட்டம் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பின்னாளில் பெயர்பெற்ற பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் பவல் 1931க்கும் 1936க்கும் இடையில் இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தொழில் பழகியது பெரும்பாலும் இந்தப் பட்டறையில்தான்.

> அப்படியானால் ‘ஒதுக்கீட்டுப்படம்’.

இது வேண்டவே வேண்டாம். இங்கே ஒதுக்கீடு என்றாலே படிப்பும் வேலையும்தான் நினைவுக்கு வரும். மலிவுச் சரக்கோடு அந்தச் சொல்லை முடிச்சுப் போட எனக்கு மனமில்லை.

என் பரிந்துரை ‘கணக்குப்படம்’. சட்டமே கணக்கைத்தானே பார்த்தது? கம்பெனி பிரிட்டிஷ், ஸ்டுடியோ பேரரசுக்குள், சம்பளத்தில் முக்கால் பங்கு பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு. கதையில் பிரிட்டன் இருக்கிறதா என்று கேட்கவில்லை. கதைக்களம், பாத்திரம், மொழி என்று மதிப்பெண் போடும் பண்பாட்டுத் தேர்வெல்லாம் 2007இல் வந்தது. குவிக்கிகளை அடக்கியதும் கணக்குதான்: 1938 சட்டம் படத்துக்குக் குறைந்தபட்சச் செலவு இவ்வளவு என்று வரம்பு கட்டியது.

* * *

> என் பரிந்துரை ‘கணக்குப்படம்’.

காரணம் சரி, சொல்தான் இடிக்கிறது. வீட்டில் பெண்ணிடம் கேட்டேன். “பித்தாகரஸ் தேற்றத்துக்கு வரைவார்களே, அதுவா?” என்கிறாள். ‘ஒப்புக்குச் சப்பாணி’ மாதிரி உருபை வெளியே விட்டு ‘கணக்குக்குப் படம்’ என்றால் என்ன?

* * *

கலைச்சொல்லில் வேற்றுமை உருபு துருத்திக்கொண்டு நிற்கலாமா என்று நம் குழுவின் இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்த ‘க்கு’வில்தான் குவிக்கியின் நோக்கமே இருக்கிறது, ‘பேருக்கு’, ‘ஒப்புக்கு’ என்பது போல உடனே புரிகிறது. கட்டுரையில் ‘கணக்குக்குப் படம்’ என்றே போட்டு அனுப்புகிறேன். இரண்டு ‘க்கு’ வருகிறதே, அச்சுப்பிழை என்று ஒன்றை வெட்டாமல் இருந்தால் சரி.