அடையில இருந்த கோழியைப் பக்கத்து வீட்டு நாய் பிடிச்சிருச்சு, உங்களுக்கு நடந்திருக்குதுங்களா?

கோபிக்காரி:
எல்லாரும் கோழி வளர்க்கறவங்கதானே, நேரா விசயத்துக்கு வர்றேன். போன மாசம் எங்க சிறுவிடைப் பெட்டை பதினோரு முட்டையில அடை கிடந்துச்சு. பழைய பாண்டுச் சட்டியில மணலு, ஓரத்துல அத்தை வெச்ச கரித்துண்டு, வரமிளகாய் எல்லாம் வழக்கம்போல. வெறகு அடுக்கற சாளைக்குள்ளதான் இருந்துச்சு. இருபதாவது நாள் காலையில நான் சொசைட்டிக்குப் பால் ஊத்தீட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுருச்சு.

மணி (பக்கத்து வீட்டு அக்கா நாய், கட்டறதே இல்லீங்க) கோழியைக் கவ்வீட்டு நடு வாசல்ல நிக்குது. திங்கலை. என்னையப் பார்த்து வாலாட்டுது. தினமும் அதுக்குக் கருவாட்டுத் தலை போடறது நான்தான், எனக்குன்னு கொண்டாந்துச்சோ என்னமோ. கத்துனதும் கீழ போட்டுட்டு ஓடிருச்சு. கோழி கழுத்துத் துவண்டு கெடக்குது, உடம்பு இன்னும் சுடுது.

சாளைக்குள்ள போய்ப் பார்த்தா முட்டையெல்லாம் அப்படியே இருக்குது. அது எந்திரிச்சு ஓடியிருந்தா பொழைச்சிருக்கும், ஓடலை. ஒரு முட்டையை எடுத்துக் காதுல வெச்சேன். உள்ள டொக்கு டொக்குன்னு கொத்தற சத்தம். கை நடுங்கிப்போச்சுங்க.

முட்டையெல்லாம் சேலையில சுத்தித் தவிட்டுக்குள்ள வெச்சு, மேல குண்டு பல்பு போட்டுப் பொழுது சாயற வரைக்கும் ஓட்டினோம். அடுத்த வீதியில ஒருத்தங்க கோழி அடை கெடந்துச்சு, இருட்டுனப்பறம் அதுக்கடியில தள்ளி விட்டாச்சு. ஆறு பொரிச்சுது, அஞ்சு வீணாப் போச்சு.

அதுகூடப் பரவால்லீங்க. அன்னைக்குச் சாயங்காலம் அந்த அக்கா வந்து, "கீரியா இருக்கும் கண்ணு, இந்தப் பக்கம் நெறையச் சுத்துது"ன்னாங்க. கண்ணால பார்த்துட்டு, "ஆமாங்க்கா, கீரியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டேன். என்ற ரெண்டாவது பிரசவத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோ புடிச்சுக் கூட வந்தவங்க அவங்க. அந்த வார்த்தைதான் இன்னும் தொண்டையில நிக்குது.

கரிசல் சேவல் (கோவில்பட்டி):
கீரின்னு ஒத்துக்கிட்டது தப்பும்மா. இனி ஒவ்வொரு தடவையும் கீரிதான் வரும். ரெண்டு கடிக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கு? கீரி கழுத்தைத்தான் பிடிக்கும், தூக்க முடிஞ்சா புதருக்கு இழுத்துட்டுப் போயிரும். நாய் முதுகையும் றெக்கையடியையும் கவ்வி உதறும், இறகெல்லாம் எச்சியில நனைஞ்சு கிடக்கும். கூட்டுக்குள்ள பூந்துட்டா பத்தையும் உதறிப் போட்டுட்டு ஒண்ணைக்கூடத் திங்காமப் போகும். பசிக்குப் பிடிக்கிறதில்ல அது. ஓடுறதைக் கண்டா துரத்தணும், அவ்வளவுதான்.

எங்க பக்கத்து வீட்டுல கன்னி நாய் வச்சிருக்காங்க. முயல் விரட்டவே வளர்த்த சாதி. 1972 வனவிலங்குச் சட்டப்படி இப்ப முயல் பக்கம் போக முடியாது, ஓட்டத்தையெல்லாம் எங்க கோழி மேல காட்டுது. எங்கிட்ட ஒரு பெருவிடைச் சேவல், நாலு கிலோ, தெருநாய் எதுவும் கிட்ட வராது. வேலிக்கல் மேல நின்னுக்கிட்டு இருந்ததை அந்தக் கன்னி ஒரே எம்புல வாலைப் பிடிச்சிருச்சு. வால் இறகு அத்தனையும் நாய் வாயில. சேவல் மொட்டை வாலோட ஓட்டு மேல ஏறிக்கிச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல, இறகும் முளைச்சிருச்சு. ஆனா அப்புறம் மூணு மாசம் கூவவே இல்ல. விடியக்காலம் முழிப்பு வரும், சத்தத்துக்குக் காத்துக்கிட்டுப் படுத்துக் கிடப்பேன்.

வெல்டு மெஷ் (திருப்பத்தூர்):
எனக்கு 2021ல ரெண்டு கோழி போச்சு, கதை அவ்வளவுதான். இத்தனை பேசுறீங்க, வலையைப் பத்தி ஒருத்தரும் சொல்லலையே. கடையில கோழி வலைன்னு கேட்டா அறுகோணக் கண் வச்ச மெல்லிசுக் கம்பியைக் கொடுப்பாங்க. அது கோழி வெளிய போகாம இருக்கத்தான். நாய் வந்து நாலு தடவை முட்டுனா கிழிஞ்சிடும். நைலான் மீன்வலையும் ஆகாது, கடிச்சே ஓட்டை போடும். வெல்டு மெஷ் (கம்பியைக் குறுக்கும் நெடுக்குமா வச்சுப் பத்த வச்ச வலை) வாங்குங்க, ஒரு இன்ச் கண் போதும், கீரிக்குட்டிக்கும் பயம்னா அரை இன்ச். அப்புறம் நாய் மேல ஏறி வர்றதைவிட அடியில தோண்டி வர்றதுதான் அதிகம். அதுவும் வலை ஓரமாவே தோண்டும், தள்ளி நின்னு தோண்டத் தெரியாது. அதனால வலைக்கு வெளிப்பக்கம் தரையோட தரையா ரெண்டு அடிக்கு மெஷ்ஷைப் படுக்க வச்சு மேல கல்லு, மண்ணு போட்டு மூடிடுங்க. தோண்ட வந்தா கம்பி தடுக்கும், ரெண்டு நாள் பார்த்துட்டு விட்டுடும். கதவுக்குக் கயிறு கட்டாதீங்க, கொக்கி போடுங்க. மேய விடுறது சாயங்காலம் நாலு மணிக்கு மேல, ஆள் இருக்கும்போது மட்டும். அடைக்கோழியைக் கதவில்லாத இடத்துல வச்சது முதல் தப்பு. கருவாட்டுத் தலை போட்டது ரெண்டாவது தப்பு, வீட்டுக்கு வழி காட்டிக் கொடுத்ததே நீங்கதான். மூணாவது

(பாதியில போயிடுச்சு, திரும்ப வர்றேன்)

கோபிக்காரி:
சாளைக்குக் கதவு இருக்குதுங்க. பால் கேனு எடுக்கறப்ப நான்தான் சாத்தாமப் போயிட்டேன்.

பேர் வேண்டாம்:
இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா. செத்த கோழி வயித்துல வயலுக்குப் போடுற குருணைப் பூச்சிமருந்தைக் கொஞ்சம் வச்சுப் போடுங்க. காலையில பிரச்சனை முடிஞ்சிருக்கும்.

ஆத்தோரம் (கும்பகோணம் பக்கம்):
மேல குருணை சொன்னவருக்கு. எங்க தாத்தா அதைச் செஞ்சவர். நான் அப்ப ஆறாவது படிக்கிறேன். அந்த நாய்க்கு எங்க வீட்டுக் கிணத்தடித் தொட்டியிலதான் தண்ணி குடிச்சுப் பழக்கம். மருந்தைத் தின்னுட்டு வாயில நுரையோட அங்கதான் வந்துச்சு. தண்ணிக்கு வாயை வைக்குது, விழுங்க முடியல. தாத்தா திண்ணையில உட்கார்ந்து அதைப் பார்த்துக்கிட்டே இருந்தார், எழுந்திரிக்கல. மறுநாள் வாய்க்கால் ஓரத்துல ஏழு காக்கா செத்துக் கிடந்துச்சு, எங்க பூனையும் வீடு திரும்பல. அதுக்கப்புறம் அவர் சாகுற வரைக்கும் வீட்டுல கோழி வளர்க்க விடல.

சட்டம் வேணும்னா அதையும் கேளுங்க. மிருகத்துக்கு விஷம் வச்சா பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 325வது பிரிவு, அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். 1960 மிருகவதைச் சட்டம் தனியா இருக்கு. நாயை அவுத்து விட்டவர் மேல அதே சன்ஹிதாவுல 291வது பிரிவு போடலாம்னு சிலர் சொல்லுவாங்க, அது மனுஷ உயிருக்கு ஆபத்து, பெரிய காயம்னாதான் செல்லும். கோழிக்கு நஷ்டஈடுன்னா சிவில் கோர்ட்டு. ஒரு கோழிக்காக எந்த வக்கீல் வருவார்? பேசித்தான் தீர்க்கணும்.

நாய்க்காரன் (நாகர்கோவில்):
எல்லாரும் ஒரு பக்கமே நிக்கீங்க, நான் அந்தப் பக்கம். எங்க நாய்தான் பிடிச்சது, நான் மறைக்கல்ல. கோழிக்காரரு கணக்குப் போட்டாரு பாருங்க: கோழிக்கு அறுநூறு, அது வருசத்துக்கு அறுவது முட்டை, அதுல நாப்பது பொரிக்கும், நாப்பதுல இருவது பெட்டை, அந்த இருவதும்... நான் கையெடுத்துக் கும்பிட்டு ஆயிரத்தைக் கொடுத்துட்டேன். செத்த கோழியை நாய்க்க கழுத்துல கட்டிவிடு, வெறுத்துப் போகும்னு ஒரு பெரியவரு சொன்னாரு. கட்டினோம். ரெண்டாம் நாளு எப்படியோ வளைச்சு அதையும் தின்னுப் போட்டு. பின்ன சங்கிலியில போட்டேன். ராத்திரி பூரா ஊளை. நாலாம் நாளு அதே கோழிக்காரரு வந்து, "அவுத்து விடும் ஓய், கண்ணு மூட முடியல்ல"ன்னு நிக்காரு!

அவுத்து விடல்ல கேட்டியளா. காலையும் மாலையும் நானே பிடிச்சு நடத்திக்கிட்டுப் போறேன், ஊளை நின்னுது. கோபி அக்கா, நீங்க சொல்லியிருந்தா அந்த அம்மா கட்டியிருப்பாவ. சொல்லாம எப்படித் தெரியும்?

கரிசல் சேவல்:
தெரியாமத்தான் கீரின்னு முந்திக்கிட்டுச் சொல்லுச்சாக்கும்!

வெல்டு மெஷ்:
மூணாவது, கொக்கியைக் கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டாப் போடுங்க.

கோபிக்காரி:
எல்லார்த்துக்கும் நன்றிங்க. கொக்கி போட்டாச்சு. கருவாட்டுத் தலையும் நிறுத்திப் பார்த்தேன், அது வந்து படியில உக்காந்து மூஞ்சியவே பாக்குது, மூணாம் நாள் போட்டுட்டேன், திட்டாதீங்க.

நாய்க்காரண்ணன் சொன்னதுக்கப்பறம் அக்காகிட்டப் பேசிப்போடலாம்னு நேத்துக் கெளம்பினேன். அவங்களே எதுக்க வந்துட்டாங்க. வந்து, பஞ்சாரத்துக்குள்ள கையைவிட்டு ஒரு குஞ்சை எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்பறம், "ரெண்டு பெட்டைக்குஞ்சு வெலைக்குக் குடு கண்ணு, நானும் வளர்க்கலாம்னு இருக்கறேன். மணியக் கட்டிப்போடறேன்"னாங்க.

கீரியப் பத்தி அவங்களும் பேசலை, நானும் பேசலை. இன்னும் கொஞ்சம் பெருசாகட்டுங்க்கா, இப்ப பெட்டை எது சேவல் எதுன்னு தெரியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.