வேலி தாண்டிய மாடுகளை விரட்டாமல் திருப்புவது எப்படி?

கேள்வி:
4 மாடு, 12 ஆடு உள்ள சிறு பண்ணை. வேலியில் ஓட்டை விழுந்தால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறிவிடுகின்றன. ஆள் இரண்டு பேர்தான். துரத்தினால் இன்னும் தூரம் ஓடுகின்றன. ஒரு மாடு புதிதாகக் கன்று ஈன்றது. என்ன செய்யலாம்?

பதில் 1:
ரோடுதான் முதல் கவலை. ஒருவர் ரோட்டுப் பக்கம் போய் நிற்கட்டும், மற்றவர் படலை அகலத் திறக்கட்டும். பாதி திறந்த படலுக்குள் மாடு நுழையத் தயங்கும். நாயைக் கட்டுங்கள். கூச்சல் கூடாது. பிறகு தவிட்டு வாளியைக் குலுக்கியபடி முன்னால் நடங்கள். தினமும் அதே வாளியைக் குலுக்கித் தீனி வைத்திருந்தால்தான் இது பலிக்கும். மந்தையில் முன்னே போகும் மாடு வந்தால் மற்றவையும் பின்தொடரும். வெளியே கொட்டிவிடாதீர்கள், அங்கேயே நின்றுவிடும்.

பதில் 2:
வாளிக்கு வராத மாட்டை, நீங்கள் நிற்கும் இடத்தை வைத்தே நகர்த்தலாம். நெருங்கும்போது தலையைத் தூக்கி விலக ஆரம்பிக்கும் தூரம் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் நின்றால் நடக்கும், உள்ளே பாய்ந்தால் ஓடும். நடக்கத் தொடங்கியதும் ஓர் எட்டு பின்வாங்குங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

மாட்டின் தோளுக்குப் பின்பக்கம் சாய்வாக நின்றால் முன்னே போகும். தோளைத் தாண்டி முன்னால் வந்தால் நின்று திரும்பும். நேர் பின்னால் வேண்டாம். அந்த இடம் அதன் கண்ணுக்குத் தெரியாது, மிரளும், உதைக்கும்.

ஏற்கெனவே மிரண்டு ஓடியிருந்தால் 20–30 நிமிடம் சும்மா விடுங்கள், மேயட்டும். ஒற்றை மாட்டைக் கூட்டத்திலிருந்து பிரித்தால் வெறிகொண்டு ஓடும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது, முட்டிவிடும். இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஆடுகளுக்கும் இதேதானா?

பதில் 2:
அதேதான், ஆனால் ஆடு சட்டென்று சிதறும். வெளியேறிய ஓட்டை வழியாகவே பெரும்பாலும் திரும்பி வரப் பார்க்கும். அவை உள்ளே வரும்வரை அதை அடைக்காதீர்கள்.

பதில் 3:
உள்ளே வந்ததும் எங்கே மேய்ந்தன என்று பாருங்கள். தானியத்தை வயிறு முட்டத் தின்றிருந்தால் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. அறிகுறி தெரிய பல மணி நேரம் ஆகலாம், அதுவரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். இளஞ்சோளப் பயிர் இன்னும் மோசம்: அதிலுள்ள சயனைடு நிமிடங்களில் கொல்லும். மூச்சுத் திணறல், தள்ளாட்டம் கண்டால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள்.